அறுபதுக்குப் பிறகு தனிக் கடல் பயணம்: எந்தக் கயாக்?

அறுபதைத் தாண்டிய ஒருவர், கனடாவின் மேற்குக் கரையோரமாக அலாஸ்கா வரை தனியாகக் கயாக்கில், அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடும் குறுகலான நீண்ட படகில், போவது என்று முடிவெடுத்துவிட்டால், அடுத்த மாதமே வீட்டு மேஜையில் கயாக் விலைப்பட்டியல்கள் குவிந்துவிடும். நீளம், அகலம், வேகம், எடை என்று அட்டவணை போடத் தொடங்குவார். அந்த அட்டவணைகளில் பெரும்பாலும் காணாமல் போகிற ஒரு வரியை வைத்துத்தான் இங்கே படகுகளை ஒப்பிடப்போகிறேன்: கரை இறங்கிய இடத்திலிருந்து கூடாரம் போடும் இடம்வரை அந்தப் படகை நீங்கள் ஒருவராகவே கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா?

இன்சைட் பாசேஜ் எனப்படும் அந்த நீர்வழி, வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்டில் தொடங்கி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீவுகளுக்கு நடுவே புகுந்து, தென்கிழக்கு அலாஸ்காவின் ஸ்காக்வே வரை போகிறது. தீவுகள் மறைத்து நிற்பதால் பசிபிக்கின் பெரிய அலைகள் பெரும்பாலான இடங்களில் உள்ளே வராது. கேப் காஷன், டிக்சன் என்ட்ரன்ஸ் மாதிரி சில இடங்களில்தான் திறந்த கடல் நேராக வந்து மோதும். தூரம் எவ்வளவு என்று தெரிய ஒரு கணக்கு: வாஷிங்டனின் போர்ட் டவுன்செண்டிலிருந்து அலாஸ்காவின் கெட்சிகன் வரை மோட்டார் இல்லாத படகுகளுக்காக 2015இல் ஒரு பந்தயம் தொடங்கினார்கள். அந்தப் பகுதி மட்டுமே 750 மைல், அதாவது சுமார் 1200 கிலோமீட்டர். நிதானமாகத் துடுப்புப் போடுகிறவருக்கு ஒரு கோடை முழுதும் வேண்டும்.

சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கடல் பார்த்து வளர்ந்தவருக்கு ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது, ஒரு பெரிய விஷயமாகவே தோன்றாது. அங்கே உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கெட்சிகனிலும் ஜூனோவிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது ஆறு மீட்டரைத் தொடும். சரிவு குறைந்த கரையில் இந்த ஆறு மீட்டர் உயரம் நூறு, இருநூறு மீட்டர் தூரமாக விரிந்து கிடக்கும். மணல் இருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் பாசி படிந்த உருண்டைக் கற்களும், கொட்டலசு என்ற கூரான ஓட்டுயிர் ஒட்டிய பாறையும், கால் புதையும் சேறும்தான். போதாததற்கு, அந்தக் கரையில் ஒரே நாளின் இரண்டு உயர் ஓதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. மாலையில் தண்ணீர் எட்டிய கோட்டைப் பார்த்து அதற்கு மேலே படகை வைத்துவிட்டுத் தூங்கினால், இரவு ஓதம் அதையும் தாண்டி வரலாம்.

இப்போது சுமையைக் கணக்குப் போடுங்கள். ஃபைபர் கிளாஸ் கயாக்கின் வெற்று எடை 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரச் சாப்பாடு, குடிநீர், கூடாரம், உடைகள், கரடியால் திறக்க முடியாத உணவு டப்பா எல்லாம் சேர்ந்து இன்னும் 50 கிலோ. இந்த 75 கிலோவை முப்பது வயதுக்காரரே தனியாகத் தூக்க மாட்டார். ஆகவே சாமான்களை இறக்கி, பை பையாக மேலே கொண்டுபோய் வைத்து, கடைசியில் வெற்றுப் படகைத் தூக்க வேண்டும். அதற்குள் தண்ணீர் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும். தூரத்தில் போய் மறைந்த உல்லாசக் கப்பல் கிளப்பிய அலை மெதுவாக வந்து சேர்ந்து, பாதி காலியான படகை இழுத்துக்கொண்டு போனாலும் போகும். மறுநாள் காலை இதே வேலை தலைகீழாக. ஆக ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நடை, வழுக்குப் பாறை மேல், கையில் சுமையோடு.

வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் படகு கவிழ்வதைப் பற்றித்தான் பயப்படுவார்கள். எனக்கு இந்த நடைமேல்தான் பயம் அதிகம். அறுபத்தைந்து வயதில் மணிக்கட்டு முறிவதோ இடுப்பு எலும்பு விரிசல் விடுவதோ, அலையே இல்லாத ஒரு நல்ல மாலைப் பொழுதில், சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் நடக்கும்.

சரி, படகுகளுக்கு வருவோம். மலிவானது பிளாஸ்டிக், அதாவது பாலிஎதிலீன். நீண்ட பயணத்துக்கு ஏற்ற அளவில் 27 முதல் 32 கிலோ வரை இருக்கும். எடையைப் பார்த்ததும் வயதானவர்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் தூக்குவது வேறு, இழுப்பது வேறு. பிளாஸ்டிக் படகைக் கற்கள்மேல் கரகரவென்று இழுத்துக்கொண்டு போகலாம். கீறல் விழும், அவ்வளவுதான். அந்தக் கரைகளில் ஒதுங்கிக் கிடக்கும் மரக்கட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. உருண்டையான நான்கைந்தைக் குறுக்கே போட்டால் படகு உருண்டு வந்துவிடும். கொஞ்சம் சாமானை உள்ளேயே விட்டுவைத்து இழுக்கலாம் என்பதால் நடையும் குறையும். இதன் உண்மையான தொல்லை வேறு இடத்தில்: காரின் கூரைமேல் ஏற்றுவது. தனியாக வாழ்கிறவர் 30 கிலோ பிளாஸ்டிக்கைத் தோளுக்கு மேல் தூக்கிப் பயிற்சிக்குப் போவது வாரம் இரண்டு முறை என்றால், இரண்டே மாதத்தில் வாரம் ஒரு முறை ஆகிவிடும், அப்புறம் மாதம் ஒரு முறை. பயிற்சி குறைந்தால் பயணமே ஆபத்து. தண்ணீர் ஓரமாகவே படகை நிறுத்திவைக்க இடம் உள்ளவருக்குப் பிளாஸ்டிக் நல்ல தேர்வு.

கார்பன், கெவ்லர் கலந்த படகுகள் எதிர்முனையில் இருக்கின்றன. 18 முதல் 22 கிலோ. புதிதாக வாங்கினால் விலை பிளாஸ்டிக்கைப்போல இரண்டு மூன்று மடங்கு. கடையில் ஒரு கையால் தூக்கிப் பார்த்ததும் ஆசை வந்துவிடும். ஆனால் இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய படகைக் கொட்டலசுமேல் இழுக்க மனம் வராது. ஒவ்வொரு முறையும் முழுதாகக் காலி செய்து, தூக்கித்தான் வைப்பீர்கள். அதாவது எடை குறைந்த படகு உங்கள் நடையை அதிகமாக்குகிறது. காற்றடிக்கும் கரையில் லேசான படகைத் தோளில் வைத்துத் திரும்பும்போது காற்று அதைப் பிடித்து ஆளையே சுற்றிவிடும் என்பதும் கடையில் தெரியாது.

நடுவில் இருப்பது ஃபைபர் கிளாஸ், 23 முதல் 27 கிலோ. அடிப்பாகத்தின் நடுக்கோட்டில் தடிமனான கூடுதல் பட்டை ஒட்டிவிட்டால் ஓரளவு இழுக்கவும் செய்யலாம். உடைந்தால் வழியிலேயே ஒட்டுப்போட முடியும். மீனவர்கள் இருக்கும் எந்தச் சிறு துறைமுகத்திலும் பிசினும் கண்ணாடி இழைத் துணியும் தேடிப் பிடிக்கலாம். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு.

முதலாவது நீளம். நீண்ட பயணம் என்றாலே 17, 18 அடிப் படகு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நீளமான படகின் அதிகபட்ச வேகம் அதிகம் என்பது சரிதான். ஆனால் அறுபது வயதில் நாள் முழுக்கப் போடும் துடுப்பு மணிக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டருக்கு மேல் போகாது. அந்த வேகத்தில் படகைத் தடுப்பது பெரும்பாலும் நீருக்கும் படகின் தோலுக்கும் இடையிலான உராய்வு. நீளம் கூடினால் நனையும் பரப்பும் கூடும். ஆகவே 16 அடிப் படகு உங்கள் கையில் 18 அடிப் படகைவிட மெதுவாகப் போகாது. கரையில் மட்டும் இரண்டு அடி மிச்சம். சாமான் இடம் குறையுமே என்பார்கள். குறையட்டும். இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும்.

இரண்டாவது நிபந்தனை காக்பிட், அதாவது உட்காரும் துவாரம். பழைய பிரிட்டிஷ் படகுகளில் சிறிய வட்டமான துவாரம் இருக்கும்; முதலில் பின்னால் உட்கார்ந்து, இரண்டு காலையும் நேராக நீட்டி உள்ளே நுழைய வேண்டும். வெளியே வருவதும் அப்படித்தான். நாலு மணி நேரம் குளிரில் உட்கார்ந்து முழங்கால் பிடித்துக்கொண்ட நிலையில், அலை பின்னாலிருந்து தள்ளும்போது இது நடக்கிற காரியமில்லை. சாவித்துவார வடிவத்தில் நீண்ட காக்பிட் இருந்தால் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு முழங்காலாக மடக்கி வெளியே எடுத்து, பாதத்தை ஊன்றி எழலாம். வாங்குவதற்கு முன் கடைத் தரையில் பத்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள். கடைக்காரர் சிரிக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் காற்றடைத்த கயாக்கின் முன் ஆட்டம் காண்கிறது. காரணம் ஆட்ரி சதர்லாண்ட். 1921இல் பிறந்தவர், ஹவாயில் ஓவாஹு தீவின் வடகரையில் வாழ்ந்தவர். அறுபது வயதில் அலாஸ்காவுக்குத் தனியாகப் போய், கெட்சிகன் முதல் ஸ்காக்வே வரையிலான கடலைக் காற்றடைத்த சிறு கயாக்கில் கடந்தவர். அதோடு நிற்கவில்லை, இருபதுக்கும் மேற்பட்ட கோடைகளில் அலாஸ்காவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுமாக எட்டாயிரம் மைலுக்கு மேல் அதே மாதிரிப் படகுகளில் போய்வந்தார். ஃபைபர் கிளாஸ் படகுக்காரர்கள் காற்றடைத்த கயாக்கை நீச்சல்குளத்துப் பொம்மையாக நினைத்த காலத்திலும் அதைத்தான் அவர் பயன்படுத்தினார்.

அவர் தேர்வில் இருந்த கணக்கு எளிது. பெண், தனியாள், அறுபது வயது. பத்துப் பன்னிரண்டு கிலோ படகை யார் உதவியும் இல்லாமல் ஓதக் கோட்டுக்கு மேலே கொண்டுபோகலாம். விமானத்தில் பெட்டிச் சாமானாகக் கொண்டு வரலாம். பாதியில் வேண்டாம் என்று தோன்றினால் காற்றைப் பிடுங்கிவிட்டு அடுத்த கப்பலில் ஏறலாம். கவிழ்வது அபூர்வம்; கவிழ்ந்தாலும் மேலே ஏறிக்கொள்வது எளிது, ஏனென்றால் உள்ளே நிரம்பிய நீரை இறைக்கும் வேலை அதிகம் இல்லை.

இதற்கு அவர் கொடுத்த விலை வேகம். காற்றடைத்த படகு நீர்மேல் உயரமாக மிதக்கும், காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். மணிக்கு நான்கு கிலோமீட்டர் போனாலே நல்ல நாள். எதிர்க்காற்று வலுத்தால் துடுப்புப் போடப் போட நின்ற இடத்திலேயே நிற்கும். அதாவது 25 கிலோமீட்டர் போக ஃபைபர் கிளாஸில் நாலரை மணி நேரம் என்றால், இதில் ஆறு மணி நேரத்துக்கு மேல். கரையில் முதுகுக்கு மிச்சமானதைக் கடலில் தோள்பட்டையிடம் வசூலித்துவிடும். தோள்பட்டைத் தசைநார் ஏற்கெனவே கிழிந்து சரியானவர்களுக்கு, அந்த வயதில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம், இது நல்ல பேரம் இல்லை. முதுகும் முழங்காலும் சொல்பேச்சுக் கேட்காதவர்களுக்கு நல்ல பேரம். அப்புறம், ஓய்வு பெற்றவரிடம் இளைஞரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: திங்கட்கிழமை அலுவலகம் போக வேண்டியதில்லை. காற்று அடித்தால் இரண்டு நாள் கூடாரத்தில் படுத்துக் கிடக்கலாம். காற்றடைத்த படகு அப்படிக் காத்திருக்கிறவருக்கு மட்டுமே ஏற்றது. தினம் இத்தனை கிலோமீட்டர் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துப் போகிறவர் அதைத் தொடவே வேண்டாம்.

மடக்கு கயாக்குகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அலுமினியம் அல்லது மரச் சட்டம், மேலே துணித்தோல். பையில் கட்டிக்கொண்டு போகலாம், கடலில் நன்றாகவும் போகும். இதற்குப் பெரிய சரித்திரமே உண்டு. 1932இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் இறங்கிய ஆஸ்கர் ஸ்பெக், மடக்கு கயாக்கிலேயே இந்தியக் கரையோரமாக வந்து, இலங்கை வழியாகப் போய், 1939இல் ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணைத் தீவுகளை எட்டினார். போர் தொடங்கிவிட்டதால் எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து அடைத்தும் விட்டார்கள். படகு நல்லதுதான். ஆனால் எடை ஃபைபர் கிளாஸுக்கு ஏறக்குறைய சமம், சட்டத்தைப் பூட்டி இறுக்க விரலில் பலம் வேண்டும். மூட்டுவாதம் உள்ள விரல்களுக்கு அது தண்டனை. வான்கூவரில் இருந்த ஃபெதர்கிராஃப்ட் இந்த வகையில் பெயர் பெற்ற நிறுவனம். 2016க்குப் பிறகு அது கயாக் செய்வதில்லை என்பதால், பழையதை வாங்கினாலும் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும்.

போலந்துக்காரர் அலெக்சாண்டர் டோபாவைப் பற்றி இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள். அட்லாண்டிக்கை மூன்று முறை தனியாகக் கயாக்கில் கடந்தவர். முதல் முறை செனகலிலிருந்து பிரேசிலுக்குப் போனபோது வயது 64. கடைசியாக 2017இல் நியூ ஜெர்சியிலிருந்து 110 நாளில் பிரான்சில் கரையேறியபோது 71ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே பாக்கி. அவருடைய படகு சுமார் 7 மீட்டர் நீளம், உள்ளேயே படுத்துத் தூங்க அறை வைத்துத் தனியாகக் கட்டியது. கவனித்தால், அவரும் கரைப் பிரச்சினையைத்தான் தீர்த்திருக்கிறார்: கரைக்கே போகாமல் இருந்துவிட்டார். மற்றபடி நம் தேர்வுக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள அதிகமில்லை.

படகைவிடக் குறைவாகப் பேசப்படும், ஆனால் அதிகப் பலன் தரும் இடம் துடுப்பு. நிமிடத்துக்கு ஐம்பது வீச்சு என்றால் நாலு மணி நேரத்தில் 12,000 வீச்சு. ஒரு கிலோ துடுப்புக்குப் பதில் 750 கிராம் கார்பன் துடுப்பு வைத்திருந்தால், ஒரு நாளில் தோள் தூக்குவதில் மூன்று டன் குறைகிறது. படகில் கார்பன் வேண்டாம் என்றேன்; அந்தப் பணத்தைத் துடுப்பில் போடுங்கள். குறுகிய இலை கொண்ட கிரீன்லாந்துத் துடுப்பும் தோளுக்கு இதமானது. ஒன்றைக் கையிலும் மற்றதை உதிரியாகப் படகின் மேலும் வைத்து, பகல் நடுவில் மாற்றிக்கொண்டால் வலி ஒரே இடத்தில் தேங்காது.

கரைக்கான சாமான்களில் மடக்கு சக்கர வண்டி கெட்டியான தரையிலும் கப்பல் துறையிலும் மட்டும் பயன்படும். உருண்டைக் கல்லில் சிக்கிக்கொள்ளும். அங்கே காற்றடைத்த உருளைகள் தேவலை. சிறு பைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோவதைவிட ஐக்கியாவின் நீல நிறப் பெரிய பைகள் இரண்டில் அள்ளிப் போட்டுத் தோளில் மாட்டினால் இரண்டு கையும் காலியாக இருக்கும். ஊன்றுகோலாகத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். இன்னும் நல்ல வழி, ஓத அட்டவணையைப் பார்த்து, உயர் ஓதத்தை ஒட்டிக் கரையிறங்குவதும் கிளம்புவதும். உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பன்னிரண்டரை மணி நேரம் இருப்பதால், எல்லா நாளும் இது வசதியான பொழுதில் அமையாது. அமையும் நாட்களில் நீளமாகப் போங்கள், அமையாத நாட்களில் ஓய்வெடுங்கள். சீமோர் நேரோஸ் மாதிரி நீரோட்டம் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) வரை பாயும் இடுக்குகளில், எப்போது நுழைவது என்பதையும் அதே அட்டவணைதான் முடிவு செய்கிறது.

குளிரைப் பற்றிப் பேரமே இல்லை: தண்ணீர் உள்ளே புகாத உடையான டிரைசூட். தண்ணீரை உள்ளே விடும் வெட்சூட் மலிவு, ஆனால் கோடையிலும் பத்து டிகிரியை ஒட்டியிருக்கும் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது, அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், ஒரு மணி நேரத்தில் உடல் சூடு இறங்கி நினைவு தப்பும் என்பது மேனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய எளிய கணக்கு. வயதானால் நடுக்கம் மூலம் உடல் தன்னைச் சூடாக்கிக்கொள்வதும் மந்தம், திடீர்க் குளிர் இதயத்துக்கும் பாரம். இரத்த அழுத்த மாத்திரையோ இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் ‘கடல் பயணம்’ என்று மட்டும் சொல்லாமல், தண்ணீர் எத்தனை டிகிரி என்பதையும் சொல்ல வேண்டும். டிரைசூட் வாங்கும்போது முன்பக்க ஜிப் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பதால் தண்ணீரே குடிக்காமல் இருந்து மயங்குகிறவர்கள் உண்டு.

உதவி கேட்கும் கருவிகளில், பொத்தானை அழுத்தினால் மீட்புப் படையை வரவழைக்கும் பிஎல்பி ஒரு பக்கம், சந்தா கட்டிக் குறுஞ்செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி இன்னொரு பக்கம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இந்த வயதில் இரண்டாவது. வரக்கூடிய தொல்லைகளில் பாதி, ஹெலிகாப்டர் தேவைப்படாதவை: பல்வலி, நனைந்துபோன மாத்திரைகள், வீட்டிலிருந்து ஒரு செய்தி.

முழுப் பாதையையும் ஒரே கோடையில் முடிப்பதா, துண்டு துண்டாகவா என்ற கேள்வியும் படகுத் தேர்வோடு சேர்ந்ததுதான். கெட்சிகன், ராங்கெல், பீட்டர்ஸ்பர்க், ஜூனோ என்று அலாஸ்கா அரசுக் கப்பல்கள் நிற்கும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன, கயாக்கையும் ஏற்றிக்கொள்வார்கள். கனடாவில் போர்ட் ஹார்டிக்கும் பிரின்ஸ் ரூப்பர்ட்டுக்கும் நடுவே பிசி ஃபெரீஸ் ஓடுகிறது. துண்டாகப் போகிறவர் பத்து நாள் சாப்பாட்டோடு கிளம்பலாம், சுமை குறையும், நடையும் குறையும். ஒரே மூச்சில் போவதில் பெருமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மூன்று கோடைகளாகப் பிரித்தால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தோளுக்கு ஓய்வு கிடைக்கும், படகை மாற்றிப் பார்க்கவும் வாய்ப்பு. துண்டாகப் போவதென்றால் காற்றடைத்ததும் சரி, ஃபைபர் கிளாஸும் சரி. ஒரே மூச்சில் என்றால் செப்டம்பர் மழைக்கு முன் முடிக்க வேண்டியிருப்பதால் காற்றடைத்தது தோற்றுவிடும்; 16 அடி ஃபைபர் கிளாஸ்தான்.

வாங்குவதை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போடுங்கள். கோடை முடிந்ததும் வாடகைக்கு விடும் கடைகள் பழைய படகுகளை விற்றுத் தள்ளும். அதற்கு முன் அதே கடையில் நீங்கள் நினைக்கும் இரண்டு வகைகளையும் ஒவ்வொரு வார இறுதி வாடகைக்கு எடுங்கள். தண்ணீர்க் கேன்களில் 50 கிலோ நிரப்பிப் படகில் ஏற்றி, தாழ் ஓதத்தில் ஏதாவது ஒரு கல்பாறைக் கரையில் இறங்கி, எல்லாவற்றையும் புல் தொடங்கும் இடம்வரை தனியாகக் கொண்டுபோங்கள், மறுநாள் காலை திரும்பக் கொண்டுவாருங்கள். துணைக்கு வந்தவர் தொடக் கூடாது. திங்கட்கிழமை காலை எந்த மூட்டு வலிக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.